பெட்கேயின் ‘1’: பேஸிலிருந்து தொடங்கிக் கேட்பதற்கு ஒரு வழிகாட்டி

ஸ்டெஃபான் பெட்கே என்ற ஜெர்மானிய இசைக்கலைஞர் ‘போல்’ என்ற பெயரில் 1998இல் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு ‘1’ என்ற எண்தான் தலைப்பு. அட்டையிலும் நீல நிறத்தைத் தவிரச் சொல்லும்படி எதுவும் இல்லை. அதை முதன்முறையாகக் கைப்பேசியில் ஒலிக்கவிடுகிறவர்களுக்குச் சடசடவென்ற பொரிவும் மெல்லிய இரைச்சலும் மட்டுமே கேட்கும். கோப்பு கெட்டுப்போயிருக்குமோ, இணைப்பு சரியில்லையோ என்ற ஐயத்தோடு ஓரிரு நிமிடங்களில் நிறுத்திவிடுவார்கள். அவர்கள்மீது தவறில்லை. இந்த ஆல்பத்தின் மெட்டு பேஸில், அதாவது தாழ்ந்த சுரங்களில் இருக்கிறது. பேஸ் எழாத கருவியில் ஒலிக்கவிட்டால் பாட்டு காணாமல் போய், அதன் மேல்தோல் மட்டும் மிஞ்சும். ஆகவே இதைக் கேட்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, தம் வீட்டில் பேஸைச் சரியாக ஒலிக்க வைப்பதுதான். பொரிவைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம்.

எனினும் அந்தப் பொரிவு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் ஐயம் நீங்கும். பெட்கே 1967இல் டுசல்டார்ஃபில் பிறந்தவர். வால்டார்ஃப் என்ற ஜெர்மானிய நிறுவனம் தயாரித்த ‘4-போல்’ என்னும் ஃபில்டர் ஒன்று அவரிடம் இருந்தது. ஒலியின் மேல் அதிர்வெண்களை வேண்டிய அளவுக்கு வெட்டிக் கீழ்ப்பகுதியை மட்டும் விட்டுவைப்பது அத்தகைய கருவியின் வழக்கமான வேலை. 1996இல் அது கைதவறிக் கீழே விழுந்து பழுதானது. அதன் பிறகு தன் வேலையை ஒழுங்காகச் செய்யாமல் சீறலையும் பொரிவையும் தானாகவே வெளியிடத் தொடங்கியது. பெட்கே அதைத் தூக்கி எறியவில்லை. அந்தச் சத்தங்களைப் பதிவுசெய்து, முரசு இருக்க வேண்டிய இடத்தில் அவற்றை வைத்தார். தம் இசைப்பெயரையும் அந்தக் கருவியிடமிருந்தே எடுத்துக்கொண்டார். எனவே நீங்கள் கேட்கும் சடசடப்பு உங்கள் கோப்பின் குறையும் அன்று, பழைய இசைத்தட்டின் தேய்மானத்தைப் போலிசெய்ததும் அன்று. பழுதான ஒரு மின்னணுக் கருவியின் உண்மையான ஒலி.

அதற்கு அடியில் இருக்கும் பேஸின் பூர்விகம் ஜமைக்காவின் டப் இசை. 1970களில் கிங்ஸ்டன் நகரில் கிங் டபி என்ற ஒலிப்பொறியாளர், ஏற்கெனவே பதிவான ரெகே பாடல்களிலிருந்து குரலை எடுத்துவிட்டு, பேஸையும் முரசையும் முன்னுக்குக் கொண்டுவந்து, இடையிடையே எதிரொலியைத் தெளித்து அவற்றைப் புதிய பாடல்களாக்கினார். 1990களின் பெர்லினில் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்ட், மார்க் எர்னஸ்டஸ் ஆகிய இருவரும் அந்த முறையை டெக்னோ என்ற மின்னணு நடன இசையோடு இணைத்தார்கள். அவர்களுடைய வட்டத்தைச் சேர்ந்த ‘டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங்’ என்ற கூடத்தில் இசைத்தட்டு வெட்டும் பொறியாளராக பெட்கே வேலை செய்தார். எவ்வளவு பேஸை ஒரு பள்ளம் தாங்கும், எந்த அளவைத் தாண்டினால் ஊசி துள்ளும் என்பதெல்லாம் அன்றாட வேலையாக இருந்த ஒருவர் செய்த ஆல்பம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அதன் கீழ்ப்பகுதி ஏன் இவ்வளவு கட்டுப்பாட்டோடும் உருட்சியோடும் இருக்கிறது என்பது விளங்கும்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை அதிர்கிறது. டப் இசையின் பேஸ், தோராயமாக 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் தன் வாழ்நாளைக் கழிக்கிறது. கைப்பேசியின் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகத் தளர்ந்துவிடும். மடிக்கணினியும் அதைவிடப் பெரிதாக மேம்பட்டதன்று. இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: திரைப்பாடல்களின் பேஸ் கிட்டார் அதே கைப்பேசியில் ஓரளவுக்குக் கேட்கிறதே, அது எப்படி? சாதாரண பேஸ் ஒலியில் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களில் மேற்சுரங்களும் கலந்திருக்கும். அடிப்படைச் சுரம் காணாமல் போனாலும் மேற்சுரங்களை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்ளும். பெட்கேயின் பேஸ் மேற்சுரங்கள் மழுங்கடிக்கப்பட்டு, கிட்டத்தட்ட வெறும் அடிப்படைச் சுரமாகவே நிற்பது. ஊகிப்பதற்குப் பிடி இல்லாததால் அது முழுமையாக மறைந்துவிடுகிறது.

உங்கள் கருவி எதுவரை இறங்குகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஒரே அதிர்வெண்ணை ஒலிக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 80, 60, 50, 40 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். ஒலியளவை இடையில் மாற்ற வேண்டாம். 50 வரை தெளிவாகக் கேட்டால் இந்த ஆல்பத்துக்கு அது போதும். 80க்கு மேலேயே ஒலி சுருங்கினால் வேறு கருவியைத் தேடுவதே நல்லது. அதே கருவியில் பேஸ் பூஸ்டைக் கூட்டி ஈடுகட்டலாம் என்று முயல்வது வீண். எழுப்ப முடியாத சுரத்தை எழுப்பச் சொல்லி வற்புறுத்தினால் சிறிய ஸ்பீக்கர் பிளிறுமே தவிர இறங்காது.

செலவில்லாத வழி ஹெட்போன். காதுகளை முழுவதும் மூடும் மூடிய வகை ஹெட்போன் சிறந்தது. காதுக்குள் செருகும் இயர்போனாக இருந்தால் சிலிகான் முனை காதுத் துளையை இறுக்கமாக அடைக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் சிறு கசிவு இருந்தாலும் முதலில் தப்பியோடுவது பேஸ்தான். பெட்டியில் வரும் மூன்று அளவு முனைகளில் நடு அளவையே பலர் மாற்றாமல் பயன்படுத்துகிறார்கள். பெரியதை ஒருமுறை போட்டுப் பார்த்தால் வேறு இயர்போன் வாங்கியதுபோல் இருக்கும். துளையை அடைக்காமல் காது மடலில் தொங்கும் வகை இதற்கு ஆகாது.

ஹெட்போனில் பேஸின் சுரங்கள் தெரியும். நெஞ்சிலும் தரையிலும் அது ஏறுவது தெரியாது. அதற்கு ஸ்பீக்கர் வேண்டும், ஸ்பீக்கரோடு அறையும் சேர்ந்துவிடும்.

அறை

இந்தப் பகுதியில் பொறுமை வேண்டும், பலனும் இங்கேதான் மிகுதி. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். நம் வீட்டு அறைகளுக்குள் அது அடங்காது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் மோதித் திரும்பும்போது சில அதிர்வெண்கள் மட்டும் அறையின் அளவோடு பொருந்தி வீங்கிவிடும், சில இடங்களில் அடியோடு அவிந்துவிடும். எந்த அதிர்வெண் வீங்கும் என்பதைக் கணக்கிட, 343ஐச் சுவர்களுக்கு இடையிலான தொலைவின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு அடி என்பது 3.66 மீட்டர், அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் வருகிறது. பத்து அடி அகலத்துக்கு 56. கூரையும் பத்து அடி உயரத்தில் இருந்துவிட்டால் அதற்கும் 56தான். அகலமும் உயரமும் ஒரே சுரத்தில் சேர்ந்துகொண்டு முழங்கும். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் இந்த அலைகளைச் சிறிதும் விழுங்காமல் அப்படியே திருப்பி அனுப்புவதால் முழக்கம் அடங்க நேரம் பிடிக்கும். பெட்கேயின் பேஸ் வரி இந்த இரண்டு அதிர்வெண்களையும் கடந்து செல்லும்போதெல்லாம் ஒரு சுரம் மட்டும் திடீரென்று வீங்கி நிற்பதும், அடுத்த சுரம் இருக்கும் இடம் தெரியாமல் போவதும் இதனால்தான். குறை ஸ்பீக்கரில் இருக்கிறது என்று எண்ணிப் புதிதாக ஒன்றை வாங்கினாலும் அது அப்படியே தொடரும்.

செய்ய வேண்டியவை மூன்று. உட்காரும் இடத்தை முதலில் மாற்றுங்கள்: அறையின் நீளவாக்கில் சரியாக நடுவில் உட்கார்ந்தால், நீளத்துக்குரிய முதல் அதிர்வெண் அங்கே கிட்டத்தட்ட அவிந்திருக்கும், பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அதே அதிர்வெண் உச்சத்தில் இருக்கும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்வது நடுத்தரமான, நம்பத்தக்க இடம். அடுத்தது ஸ்பீக்கர். சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் வைக்கப்பட்ட ஸ்பீக்கரின் ஒலி பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்து 86 ஹெர்ட்ஸ் அளவில் தன்னையே ரத்துசெய்துகொள்ளும், அதாவது இந்த ஆல்பத்தின் மேல் பேஸைத் தின்றுவிடும். சுவரை ஒட்டி இருபது சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனால் அப்படி ரத்தாகும் அதிர்வெண் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், பேஸுக்குத் தொந்தரவில்லை. ஆனால் மூலையில் வைக்க வேண்டாம், மூலை எல்லா வீக்கங்களையும் ஒருசேர எழுப்பிவிடும். மூன்றாவது, சுவரில் ஒட்டும் மெல்லிய நுரைப் பலகைகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அவை பேச்சின் எதிரொலியைக் குறைக்கும். இரண்டு அங்குல நுரைக்கு எட்டரை மீட்டர் அலை அகப்படாது. தடித்த இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால்கூட அதைவிடச் சற்று உருப்படியான மாற்றம் தெரியும், அதுவும் மேல் பேஸில்தான்.

பேஸை மட்டும் ஒலிக்கும் தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் வைத்திருப்பவர்கள் அதற்குரிய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உபாயம் இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியின்மேல் வையுங்கள், ஆல்பத்தின் முதல் பாடலான ‘மோடூலை’த் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுங்கள், பிறகு சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து செல்லுங்கள். பேஸின் எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே வலுவில் கேட்கும் ஓரிடம் அகப்படும். சப்வூஃபரை அங்கே வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பலாம். வீட்டார் பார்த்தால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், ஆனால் இதைவிட மலிவான வழி கிடையாது. சப்வூஃபருக்கும் ஸ்பீக்கருக்குமான எல்லையை 80 ஹெர்ட்ஸில் தொடங்கி, பிறகு காதுக்கு ஏற்பச் சற்று நகர்த்துங்கள். படம் பார்ப்பதற்கென்று விற்கப்படும் மலிவான தொகுப்புகளில் வரும் சப்வூஃபர், வெடிச்சத்தத்துக்காக ஒரே அதிர்வெண்ணைச் சுற்றி முழங்கும்படி அமைக்கப்பட்டிருப்பது வழக்கம். அதன் ஒலியளவைச் சரிபாதிக்கும் கீழே இறக்கிவிட்டுக் கேட்பது மேல்.

இன்னொரு சிறு செய்தி. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ், ஜெர்மனியிலும் அதுவே. எர்த் சரியில்லாத இணைப்பில் எழும் உறுமல் 50இலும் அதன் மடங்குகளிலும் வரும்; பெட்கேயின் பேஸ் வாழும் அதே இடம் அது. பாட்டை நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபையரின் அளவை உயர்த்திப் பாருங்கள். உறுமல் கேட்டால், குறிப்பாக ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள், அதன் எர்த் கம்பி ஆம்ப்ளிஃபையரின் திருகில் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைப்பதும் நல்லது. அதன் இரைச்சல் பேஸைத் தொடாவிட்டாலும், மெல்லிய பொரிவுகளைத் தன்னோடு கலந்து மறைத்துவிடும்.

ஒலியளவு

தாழ்ந்த ஒலியளவில் மனிதக் காது பேஸை மற்ற அதிர்வெண்களைவிட மிகக் குறைவாகவே உணர்கிறது; ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். ஆகவே இந்த ஆல்பத்தைப் பின்னணியில் மெதுவாக ஓடவிட்டால் பொரிவு மட்டும் முன்னே துருத்திக்கொண்டிருக்கும். அளவை மெல்ல உயர்த்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் பேஸ் பொரிவுக்கு அடியிலிருந்து எழுந்து அதைச் சுமக்கத் தொடங்குவது தெளிவாகத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உயர்த்துவதால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. ஹெட்போனில் கேட்பவர்கள், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பை மனத்தில் கொள்வது நல்லது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேறு வரம்பும் உண்டு: சடசடப்பு சுவரைத் தாண்டாது, பேஸ் தாண்டும், கீழ்வீட்டுக்காரருக்கு உங்கள் ஆல்பத்தின் மெட்டு மட்டும் தனியே கேட்டுக்கொண்டிருக்கும்.

கேட்கும் முறை

நம் திரையிசையிலும் கச்சேரியிலும் மெட்டு மேலே, குரலிலோ வயலினிலோ இருக்கும். பழகிய காது தன்னையறியாமல் மேல்வரியைத் தேடும். இங்கே மேல்வரியில் இருப்பது பொரிவு. எனவே முதல்முறை கேட்கும்போது அதை முற்றிலும் புறக்கணித்துவிட்டு, பேஸ் வரியை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு பின்தொடருங்கள். சில சுரங்களே கொண்ட சிறு வரி, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வரும். முணுமுணுக்க முடிந்தால் உங்கள் அறையும் கருவியும் சரியாக அமைந்துவிட்டன என்று பொருள். எல்லாச் சுரமும் ஒரே ‘தும்’ ஆகக் கேட்டால் முந்தைய பகுதிக்குத் திரும்பிச் சென்று ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவதைத் தவிர வழியில்லை. என் மதிப்பீட்டில் எந்த அளவுகோலையும்விட நம்பகமான சோதனை இந்த முணுமுணுப்புதான்.

பேஸ் பழகிய பிறகு இரண்டாவது அடுக்குக்குச் செல்லலாம். பேஸுக்கும் பொரிவுக்கும் நடுவே பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் மங்கலான கோர்ட்கள் வந்துபோகின்றன; அவற்றின் எதிரொலி ஒவ்வொரு முறையும் சற்று மங்கி, சற்று உள்ளே தள்ளிப்போய் ஒலிக்கும். ஏதேனும் ஒரு கோர்டைப் பிடித்துக்கொண்டு, அதன் எதிரொலி முழுவதும் அடங்கும்வரை விடாமல் தொடர்ந்து கேளுங்கள். அது அடங்குவதற்குள் பேஸ் எத்தனை முறை தன் வரியைச் சொல்லி முடிக்கிறது என்று கவனித்தால், ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றிய பாட்டில் எவ்வளவு அசைவு இருக்கிறது என்பது புலப்படும். கிங் டபியின் கைவேலை இந்த அடுக்கில்தான் மிக நேரடியாகத் தென்படுகிறது.

பொரிவு மூன்றாவதாக வரட்டும். முரசு இல்லாத இந்த ஆல்பத்தில் தாளத்தைச் சொல்வது அதுதான், ஆனால் ஒழுங்காகச் சொல்வதில்லை. சில பொரிவுகள் பேஸின் வரியோடு சுழன்று திரும்ப வரும், சில தம் போக்கில் சிதறும். முதல் வகையைப் பிரித்தறிந்து விரலால் தட்டத் தொடங்குங்கள், தாளம் தானே கைக்கு வரும். இந்த அடுக்கு ஹெட்போனில் கூடுதலாகத் துலங்கும், ஒவ்வொரு சிதறலும் இடமா வலமா என்பது அதில் தெரியும். இணையத்தில் கேட்பவர்கள் உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் பொரிவுக்காகத்தான். மிகுதியாகச் சுருக்கப்பட்ட கோப்பில் பேஸ் பெரிய சேதமின்றித் தப்பிவிடும். கண்ணிமைப்பதற்குள் எழுந்து அடங்கும் பொரிவுகளோ முனை மழுங்கி, ஈரத்தில் நனைந்த காகிதத்தைக் கசக்கியதுபோல் ஆகிவிடும்.

இசைத்தட்டில் கேட்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு: பெட்கேயின் பொரிவு எது, தங்கள் தட்டின் தூசியும் கீறலும் எது? 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி ஆகிறது. தட்டின் குறுக்கே விழுந்த கீறல் அதே இடைவெளியில் தவறாமல் ‘டக்’ என்னும். பேஸின் வரி எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அதற்கு அக்கறை கிடையாது. கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு கேட்டால், ஒன்பது நொடியில் ஐந்து முறை வருவது உங்களுடையது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒழுங்கின்றி வரும் மெல்லிய துகள்சத்தம் தூசியாக இருக்கக்கூடும், துடைத்துவிட்டு மறுபடி கேட்பதே அதற்கு வழி. மற்றவற்றை ஆல்பத்தின் கணக்கில் விட்டுவிடலாம்.

ஒன்பது பாடல்களையும் ஒரே இருக்கையில் கேட்டுத் தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘மோடூலை’யும் கடைசியில் வரும் ‘டான்சனை’யும் மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று அடுக்குகளையும் பழகிக்கொள்வது போதுமான தொடக்கம். ‘டான்சன்’ என்றால் ஆடுதல். நடனத்தளத்துக்குரிய முரசுக்கட்டு எதுவும் அதில் இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழகிய பிறகு முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்கும்போது, பாடலுக்குப் பாடல் பொரிவின் அடர்த்தி மாறுவதையும், பேஸ் சில இடங்களில் பின்வாங்கி வழிவிடுவதையும் நீங்களாகவே கண்டுகொள்வீர்கள்.

இதன் தொடர்ச்சியாக சிவப்பு அட்டையோடு 1999இல் ‘2’, மஞ்சள் அட்டையோடு 2000இல் ‘3’ ஆகியவை வந்தன. மூன்றையும் மியூட் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் 2020இல் சேர்த்து மறுவெளியீடு செய்திருக்கிறது. வரிசை மாறாமல் கேட்பதையே பரிந்துரைக்கிறேன். என் விருப்பம் ‘2’. பேஸ் அதில்தான் மிகத் தாராளமாக உலவுகிறது. 2003இல் வந்த ஆல்பத்தில் பெட்கே அந்தப் பழுதான ஃபில்டரைக் கைவிட்டுவிட்டார், சில பாடல்களில் ஃபேட் ஜான் என்ற ராப் கலைஞரின் குரலும் சேர்ந்துகொண்டது. பொரிவு இல்லாத பெட்கே எப்படி இருப்பார் என்று அறிய விரும்புகிறவர்கள் மூன்றையும் முடித்த பிறகு அதற்குப் போகலாம். குரலும் முரசும் அதில் மேலே வந்துவிடுவதால், ‘1’க்காக உயர்த்தி வைத்த ஒலியளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள்.